சொல்லாமல் காத்தவர்கள்



விடுமுறைக்கு இங்கிலாந்து சென்றிருந்த நாங்கள், ஒரு நாள் இலண்டன் யூஸ்டன் நிலையத்தில் இரயில் ஏறி பிளெட்ச்லி பார்க் போய்வந்தோம். ஒரு பழைய மாளிகை, ஒரு குளம், சுற்றிலும் மரக் கொட்டகைகள். ஏதோ ஒரு தியான இல்லம் என்றே நினைக்கத் தோன்றும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் இரகசியச் செய்திகளை உடைத்துப் படித்த இடம் அது.

'எனிக்மா' என்ற அவர்களுடைய எந்திரம் பார்வைக்குத் தட்டச்சுப் பொறி போலிருக்கும். தட்டும் எழுத்தெல்லாம் வேறு எழுத்தாகிவிடும். அதை அமைக்கும் வழிகளோ கோடானுகோடி. நள்ளிரவு ஆனால் அந்த அமைப்பும் மாறிவிடும். மறுநாள் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். இதற்கு முதலில் வழி கண்டவர்கள் ஆங்கிலேயர் அல்லர், போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள். மரியான் ரெயெவ்ஸ்கி 1932இலேயே கண்டார். 1939 ஜூலையில், தங்கள் நாடு தாக்கப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பு, அறிந்ததையெல்லாம் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் கொடுத்துவிட்டார்கள். ஆலன் டூரிங்கின் பெயர் தெரிந்த நமக்கு இவர்கள் பெயர் தெரிவதில்லை.

போரின் இறுதிக் கட்டத்தில் அங்கே ஏறத்தாழ 9,000 பேர் உழைத்தார்கள். நான்கில் மூவர் பெண்கள். பலருக்கு இருபது வயதுதான் இருக்கும். வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்திட்டிருந்தார்கள். பக்கத்துக் கொட்டகையில் நடப்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. 1945இல் வீடு திரும்பியவர்கள், 1974இல் ஒரு நூல் வெளியாகி இரகசியம் வெளிப்படும்வரை வாய் திறக்கவில்லை. மகள் போரில் என்ன செய்தாள் என்று தெரியாமலே கண்மூடிய பெற்றோர் உண்டு. கணவன், மனைவி இருவருமே அங்கு வேலை செய்தவர்கள் என்பது பல ஆண்டுகள் கழித்துத் தெரியவந்த குடும்பங்களும் உண்டு.

நாமோ ஆலயத்திற்கு ஒரு மின்விசிறி கொடுத்தால் மூன்று இறக்கையிலும் பெயர் எழுதச் சொல்கிறோம். அடிக்கல்லில் பெயர் வரிசை பார்ப்பதில் குருக்களும் விலக்கல்ல. மறைவில் செய்வதைக் காணும் தந்தையைப் பற்றிய நற்செய்தியைத் திருநீற்றுப் புதனன்று ஆண்டுதோறும் கேட்டுவிட்டுத்தான் இதைச் செய்கிறோம்.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குழந்தைக்கு நேர்ந்த கொடுமையைக் குடும்ப மானம் என்றும் பங்கின் நற்பெயர் என்றும் சொல்லி மூடிவைக்கிறோமே, அதை இந்த மௌனத்தோடு சேர்க்காதீர்கள். அந்தப் பெண்கள் மறைத்தது தங்கள் உழைப்பை. தங்களுக்கு வரவேண்டிய புகழை விட்டுக்கொடுத்தார்கள். இங்கே விலை கொடுப்பது பேசத் தெரியாத பிள்ளை. செய்தவர் உறவினரானாலும் ஆசிரியரானாலும் குருவே ஆனாலும் மூடக்கூடாது. அப்படி ஒன்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் இன்றே சொல்லுங்கள். எங்களிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால், குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இரவிலும் எடுப்பார்கள்.