கல்லாப் பெட்டி உங்க சட்டைப்பை இல்லை!

(‘சிறுதொழில் நிலைத்து நிற்பது உழைப்பாலா, கணக்காலா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘கணக்கால்தான்’ என்ற அணியில் பேசியது.)

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! உழைப்பு, உழைப்பு என்று உழைத்துப் பேசிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) எங்கள் அணித்தலைவர் அவர்களே! அரங்கத்திலும், வீட்டிலே டி.வி. பெட்டி முன்னாலும் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னாடி பேசின அண்ணன் என்ன சொன்னார்? “விடியக்காலையில கடையைத் திறக்கிறவன் தோற்கவே மாட்டான்”னு அடிச்சுச் சொன்னார். கைதட்டலும் வாங்கினார். ஐயா, எங்க அப்பா விடியக்காலை நாலரை மணிக்குக் கடை திறந்தவர். ராத்திரி பத்து மணிக்குத்தான் பூட்டுவார். அவர் தோற்கப் பார்த்தார். அதைச் சொல்லத்தான் நான் வந்திருக்கேன்.

திருமங்கலத்துல பலசரக்குக் கடை. மதுரை கீழமாசி வீதியில இருந்து சரக்கு வரும். கடனுக்குத்தான் வரும். 15 நாள் தவணை. 1994ல ஒரு நாளைக்கு 3,000 ரூபாய் வியாபாரம். கல்லா நிறைஞ்சு கிடக்கும். அப்பா முகத்தைப் பார்க்கணுமே! கல்லாவைத் திறந்து மூடும்போது ஒரு மகாராஜா களை. அந்த 3,000 ரூபாயும் தன்னுடையதுன்னு நினைச்சார் பாருங்க, அங்கேதான் விழுந்தார்.

அதுல அவருடையது எவ்வளவு? நூத்துக்குப் பத்து ரூபாய் நிற்கும்னு வையுங்க. 300 ரூபாய். வாடகை, கரண்டு, பையனுக்குக் கூலி, எல்லாம் சேர்த்து 120 போனா மிச்சம் 180. மாசத்துக்கு 5,400 ரூபாய். அவ்வளவுதான் அவர் காசு! மீதி 2,700 ரூபாயும் கீழமாசி வீதி மொத்த வியாபாரியுடையது. நம்ம கல்லாவுல வந்து ரெண்டு நாள் இளைப்பாறிட்டுப் போற காசு. (சிரிப்பு)

ஆனா வீட்டுல என்ன நடக்குது? “டேய், கடையில போய் அரைக்கிலோ சீனி வாங்கிட்டு வா.” எழுதுறதில்லை. “என்னங்க, பிள்ளைக்குப் பீஸ் கட்டணும்.” கல்லாவுல இருந்து எடு. மாமா வந்தார், ஊருக்குப் போகக் காசு. எடு. என் தங்கச்சிக்குக் காதுகுத்து வந்துச்சு. 12,000 ரூபாய். கல்லாதானே, எடு! ஊரே வந்து சாப்பிட்டுட்டு, “முதலாளி பிரமாதப்படுத்திட்டார்”னு சொல்லிட்டுப் போச்சு. அந்தச் சாப்பாட்டைப் போட்டது எங்க அப்பா இல்லை, கீழமாசி வீதிக்காரர். அவருக்கு அழைப்புகூட வைக்கலை. (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நடுவர்: வச்சிருந்தா மொய்யாவது எழுதியிருப்பாரே அம்மா!

ஐயா, அவர்தான் முழுச் செலவையும் மொய்யா எழுதிட்டாரே! (சிரிப்பு)

தவணை நாள் வந்துச்சு. காசு இல்லை. யார் வந்தாங்க? தண்டல்காரர் வந்தார். 100 நாள் தண்டல். 10,000 ரூபாய்க்கு எழுதி, ஆயிரத்தைப் பிடிச்சுக்கிட்டு 9,000 கையில கொடுப்பாங்க. நாள் ஒண்ணுக்கு 100 ரூபாய் கட்டணும். அப்பா சொன்னார், “ஒன்பதாயிரத்துக்கு ஆயிரம்தானே வட்டி, பெரிசா ஒண்ணுமில்லை”ன்னு. இந்தக் கணக்கை மட்டும் தாய்மார்கள் கொஞ்சம் கவனமா கேக்கணும். 9,000 ரூபாய் உங்ககிட்ட 100 நாளும் இருக்கிறதில்லை. தினம் திருப்பிக் கொடுத்துக்கிட்டே வர்றீங்க. முதல் நாள் 9,000 இருக்கு, கடைசி நாள் ஒண்ணுமில்லை. சராசரியா கையில இருந்தது 4,500 தான். அந்த 4,500க்கு 100 நாளைக்கு 1,000 ரூபாய் வட்டி. வருஷத்துக்குக் கணக்குப் போட்டா நூத்துக்கு எண்பது ரூபாய்! பலசரக்குல நிற்கிறது பத்து, வட்டிக்குப் போறது எண்பது. எந்த உழைப்பாளியால ஐயா இதை உழைச்சுக் கட்ட முடியும்?

அம்மாவோட நாலு பவுன் சங்கிலி அடகுக்குப் போச்சு. மீட்க முடியலை. ஏலத்துல போயிருச்சு. (அரங்கில் அமைதி)

அன்னைக்கு அம்மா அழலை. ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்தாங்க. ஐந்தாவது வரைக்கும்தான் படிச்சவங்க. ஒரு மாசம், வீட்டுக்கு வந்த ஒவ்வொரு சாமானையும், கல்லாவுல இருந்து வந்த ஒவ்வொரு ரூபாயையும் எழுதினாங்க. மாசக் கடைசியில கூட்டினா சாமான் 1,400, ரொக்கம் 6,200. மொத்தம் 7,600 ரூபாய். கடை சம்பாதிச்சது 5,400. வித்தியாசம் 2,200. மாசா மாசம் அடுத்தவர் காசைத் தின்னுருக்கோம்!

அப்பாவுக்கு வந்ததே கோபம்! “என் கடையில நான் எடுக்கிறதுக்குக் கணக்கா? நான் என்ன வேலைக்காரனா?” அம்மா சொன்னாங்க, “ஆமா. இனிமே நீங்க கடைக்கு வேலைக்காரர்தான். மாசச் சம்பளம் 3,500. வீட்டுக்கு எடுக்கிற சாமானும் அதுலதான் கழியும்.” (பலத்த கைதட்டல்) மிச்சம் 1,900 கடையிலேயே இருக்கும், முதல்ல கீழமாசி வீதி பாக்கிக்குப் போகும். அப்பா ஒரு வாரம் பேசலை. ஆனா சம்பளத்தை ஒண்ணாந்தேதி டாண்ணு வாங்கிக்கிட்டார்! (சிரிப்பு)

எங்க அம்மா புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கலை. பர்மா, மலேயான்னு கடல் கடந்து வட்டிக்கடை நடத்தின நகரத்தார் வீடுகள்ல, மகனுக்குக் கல்யாணம் ஆனா அதே வீட்டுக்குள்ள தனி அடுப்பு. வருஷத்துக்கு இவ்வளவுன்னு அளந்து கொடுத்து, ‘வேறு வைக்கிறது’ன்னு பேர். சண்டை போட்டுப் பிரிக்கிறது இல்லை ஐயா. குடும்பச் செலவு இவ்வளவுதான்னு கோடு போட்டுப் பழக்கிறது. வள்ளுவரும் வருகிற வழி சின்னதா இருந்தாலும் கெடுதல் இல்லை, போகிற வழி அகலமாகக் கூடாதுங்கறார். அதை எந்த அதிகாரத்துல வச்சார்? வலியறிதல்ல! படையெடுக்கிற ராஜாவுக்குச் சொல்ற இடத்துல வச்சார்.

எதிரணியில ஒரு சகோதரி சொன்னாங்க, “இப்ப எல்லாம் போன்லயே கணக்கு வந்துருது”ன்னு. 2016ல யு.பி.ஐ. வந்துச்சு, சரி. இளநீர்க் கடையிலகூட அட்டை தொங்குது. ஆனா அந்தப் பணம் எந்தக் கணக்குக்குப் போகுது? பிள்ளைக்குப் பீஸ் கட்டுற அதே கணக்கு, பிரிட்ஜுக்குத் தவணை போற அதே கணக்கு! கல்லாவுக்காவது ஒரு பூட்டு இருந்துச்சு. இதை வச்சுக்கிட்டு 2015ல வந்த முத்ரா கடனுக்குப் போய் நிற்கிறோம். 50,000 வரைக்கும் ‘சிசு’ன்னு பேர், அடமானம் கேக்கறதில்லை. ஆனா மேனேஜர் உங்க பாஸ்புக்கைப் பார்த்தா எது கடை, எது குடும்பம்னு அவருக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கே தெரியாதே! கடைக்குத் தனிக் கணக்கு தொடங்குங்க, ஒண்ணாந்தேதி உங்க சம்பளத்தை அதுல இருந்து வீட்டுக் கணக்குக்கு மாத்துங்க.

தையல் கடை வச்சிருக்கிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. தீபாவளிக்கு முன்னாடி வாங்குற அட்வான்ஸ் வருமானம் இல்லை, ஜாக்கெட்டைத் தைச்சுக் கொடுக்கிற வரைக்கும் அது கடன். டியூஷன் எடுக்கிறவங்க, வக்கீல், டாக்டர் எல்லாருக்கும் இதே கதைதான். விரிச்சா நேரம் போதாது... (மணி ஒலிக்கிறது)

இதோ, முடிச்சுடறேன் ஐயா. எங்க கடை இன்னும் இருக்கு. தம்பி பார்க்கிறான். அப்பா போன பிறகு அந்தப் பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். முதல் நோட்டு முழுக்க அம்மா கையெழுத்து. அஞ்சாவது நோட்டுல இருந்து அப்பா கையெழுத்து. அதுல ஒரு வரி: “வெத்தலை பாக்கு, எனக்கு, 1 ரூபாய்.” சொந்தக் கடையில தான் போட்ட வெத்தலைக்குக் கணக்கு எழுதி வச்சிருந்தார் எங்க அப்பா.

(நீண்ட கைதட்டல்)