ஐம்பது கிலோமீட்டர் நடந்த சரவணன்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழா என்றால் பேச வருகிறவர் ஓர் அறிஞரைப் பற்றியோ தலைவரைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். நான் விளையாட்டு வாத்தியார். எனக்குத் தெரிந்தது திடலும் விசிலும்தான். ஆகவே, நடந்தே தங்கம் வாங்கிய ஒரு தமிழரைப் பற்றிச் சொல்கிறேன். "நடக்கிறதுல என்னா சார் இருக்கு? நாங்க தெனமும் நடக்கிறோமே" என்று பின்வரிசையில் ஓர் அம்மா சொல்வது காதில் விழுகிறது. பொறுங்கள் அம்மா, உங்களுக்காகத்தான் சொல்கிறேன்.

பனி கொட்டும் நாடுகளில், காலில் நீளப் பலகையை மாட்டிக்கொண்டு 50 கிலோமீட்டர் சறுக்கி ஓடும் பந்தயம் ஒன்று உண்டு. 1974இல் சுவீடனில் நடந்த உலகப் போட்டியில் கிழக்கு ஜெர்மனியின் கெர்ஹார்ட் கிரிம்மர் அதில் தங்கம் வென்றார். நமக்குப் பனி ஏது? ஐஸ் கச்சாங்கில் பார்ப்பதோடு சரி. ஆனால் அதே 50 கிலோமீட்டரைத் தார் ரோட்டில் நடந்து கடக்கும் பந்தயமும் இருந்தது. அதில்தான் நம் கோவிந்தசாமி சரவணன் பெயர் வாங்கினார்.

50 கிலோமீட்டர் என்றால் எவ்வளவு தூரம் தெரியுமா பிள்ளைகளே? ஈப்போவில் புறப்பட்டு, சிம்மோர், சுங்கை சிப்புட் எல்லாம் தாண்டி, ஏறக்குறைய கோலகங்சார் வரை. பஸ்ஸில் போனாலே தூங்கிவிடுவோம்! அதுவும் நம் இஷ்டத்துக்கு நடக்க முடியாது. ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கும் காலின் முழங்கால் மடங்கவே கூடாது. வழி நெடுக நடுவர்கள் நின்று காலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போதெல்லாம் மூன்று நடுவர்கள் சிவப்பு அட்டை கொடுத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். களைத்துப் போன காலுக்கு ஓடத்தான் தோன்றும். ஓடாமல் வேகமாகப் போவதுதான் இதில் உள்ள கஷ்டம்.

1998 செப்டம்பரில் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்தன. ஆசியாவில் அவை நடந்தது அதுவே முதல் தடவை. அதற்கு முன் ஓட்டப்பந்தயத் துறையில் காமன்வெல்த் தங்கம் எதுவும் மலேசியாவுக்குக் கிடைத்ததில்லை. ஆசிய அளவில் நமக்குப் பெருமை உண்டு. நம் பேராக்கின் மயில்வாகனம் இராஜாமணி 1966இல் பேங்காக்கில் 400 மீட்டரில் தங்கம் வாங்கியதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காமன்வெல்த் மட்டும் எட்டாமலே இருந்தது.

அந்த 50 கிலோமீட்டர் நடையில் முன்னால் போனவர் நியூசிலாந்தின் கிரேக் பேரட். பின்னால் வருகிறவர்களை நல்ல தூரம் விட்டுவிட்டு அவர் போய்க்கொண்டிருந்தார். தங்கம் அவருக்குத்தான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்ட நேரம். முடிவுக்கோட்டுக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். நம் ஊர்ப் புழுக்கம் உங்களுக்குத் தெரியுமே. கால் தள்ளாடியது, மனிதர் அப்படியே விழுந்துவிட்டார். அவரால் நடையை முடிக்க முடியவில்லை.

சரவணன் 4 மணி 10 நிமிடம் 5 விநாடியில் வந்து சேர்ந்தார். தங்கம்!

"அடிச்சதுய்யா லக்கு" என்று அப்போது கடையில் டீ குடித்துக்கொண்டே ஒருவர் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டாவதாக வந்த ஆஸ்திரேலியாவின் டுவேன் கசின்ஸ் எடுத்துக்கொண்டது 4 மணி 10 நிமிடம் 30 விநாடி. வித்தியாசம் 25 விநாடி! நான்கு மணி நேரத்துக்கு மேல் நடந்தவர்களுக்கு நடுவில் 25 விநாடி! கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஐந்து நிமிடம் என்று சரவணன் நடந்திருக்கிறார். தங்கம்தான் போய்விட்டதே என்று அவர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரே ஒரு விநாடி சுணங்கியிருந்தால் போதும். பேரட் விழுந்தாலும் தங்கம் கசின்ஸுக்குத்தான் போயிருக்கும். அந்த டீக்கடைக்காரருக்கு என் பதில் இதுதான். இருபது வருஷத்துக்கு மேல் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்.

விழுந்த பேரட்டையும் விட்டுவிடக் கூடாது. அவர் 2002இல் மான்செஸ்டரில் மறுபடி அதே 50 கிலோமீட்டருக்கு வந்து நின்றார். வெள்ளி வாங்கிக்கொண்டு போனார். எனக்கென்னவோ அந்த வெள்ளி மேல் தனி மரியாதை.

இப்போது பின்வரிசை அம்மாவுக்கு வருகிறேன். விடியற்காலை பெரட்டு முடிந்து, நிரைக்கு நிரை பால்மரம் சீவி, காண்டாவில் பால்வாளி தூக்கி ஸ்டோருக்கு நடந்தவர்கள் நீங்கள். உங்கள் கூடவே ஓடி வளர்ந்தவன்தான் நான். அந்தத் தோட்டம் இன்று இல்லை. மரத்தை வெட்டிச் செம்பனை போட்டார்கள், பிறகு வீடு கட்டினார்கள். நீங்கள் எத்தனை கட்டை நடந்தீர்கள் என்று எந்த நடுவரும் எழுதி வைக்கவில்லை. உங்கள் பிள்ளை குறுக்கோட்டத்தில் ஏழாவதாக வந்தால் மட்டும், "ஏன்டா மொதல்ல வரல?" என்று கேட்கிறீர்கள். அது சரியா? போன வருஷம் அப்படிக் கேட்டு ஒரு பையன் திடலோரம் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். இந்த வருஷம் அவன் பெயர் கொடுக்கவில்லை.

அடுத்த மாதம் மறுபடி குறுக்கோட்டம் வருகிறது. அவனை நான் கேட்டுப் பார்க்கிறேன். பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் மூன்று பேர் வந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். கடைசிப் பிள்ளை கோட்டைத் தொடும்வரை திடலில் இருங்கள். தேத்தண்ணீர் அதற்குப் பிறகுதான்.