ஒரு பெயர் பல உரு, ஓர் உரு பல பெயர்: மகிழுந்துகளின் வட்டார வேறுபாடுகளை இனங்காணலும் வகைப்படுத்தலும்



மொழிக்கென அமைந்த மன்றத்தில் மகிழுந்துகளைப் பற்றிப் பேசுவது ஏன் என்னும் வினா உங்களுள் சிலர்க்கு எழக்கூடும். நாம் கூடியிருக்கும் இந்நகரே அதற்கு விடை தரும். தெலுக் இந்தான் என்று இன்று வழங்கும் இவ்வூர் 1982 வரை தெலுக் ஆன்சன். நம் பாட்டனார் காலத்துக் கடிதங்களிலும் பிறப்புச் சான்றிதழ்களிலும் அந்தப் பழைய பெயரே நிற்கிறது. ஊர் ஒன்று, பெயர் இரண்டு. ஊர் நடுவே 1885இல் லியோங் சூன் சோங் எழுப்பிய சாய்ந்த கோபுரம் இருக்கிறது. வெளியே நின்று பார்ப்பார்க்கு அது எட்டு மாடி. உள்ளே ஏறிச் செல்வார்க்கு மூன்றே மாடி. பெயரை மட்டும் கொண்டு பொருளைத் துணிவதும், புறத்தோற்றத்தை மட்டும் கொண்டு உள்ளமைப்பைத் துணிவதும் பிழைபடும் என்பதை இந்நகரத்தார்க்கு எவரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டின் முதல் மகிழுந்தாகிய புரோட்டோன் சாகா 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் வெளிவந்தது. சாகா என்பது ஒரு விதையின் பெயர். தமிழில் அதனை மஞ்சாடி என்றும் ஆனைக்குன்றிமணி என்றும் வழங்குவோம். பொற்கொல்லர் முன்னாளில் இரண்டு குன்றிமணி எடையை ஒரு மஞ்சாடி எனக் கணக்கிட்டனர். மஞ்சாடி பெருமரத்தில் விளைவது, முழுவதும் சிவந்தது, பிள்ளைகள் பல்லாங்குழி ஆட எடுப்பது. குன்றிமணியோ கொடியில் விளைவது, கருங்கண் உடையது, கடும் நஞ்சு கொண்டது. மலாயில் இரண்டிற்குமே சாகா என்னும் சொல் வழங்குதலுண்டு. நிறத்தையும் பெயரையும் மட்டும் பார்த்து ஒன்றை மற்றொன்றாகக் கொள்வோர்க்குத் தீங்கு நேரும். மகிழுந்துகளை இனங்காண்பதிலும் இத்தகைய தீங்கு உண்டு என்பதே இன்றைய உரையின் மையம்.

எம் இல்லத்தில் நெடுங்காலம் ஒரு சாகா இருந்தது. எந்திரத்தில் எண்ணெய் கசிந்தபோது, 'சாகா 1.3' என்று எழுதிக் கொடுத்து ஒரு கடையில் கேஸ்கெட் வாங்கி வந்தோம். அது பொருந்தவில்லை. முதலில் வந்த சாகாக்களின் எந்திரத்தில் 8 வால்வுகள். 1990இல் வந்தவற்றில் 12. கொள்ளளவு ஒன்று, பெயர் ஒன்று, உருவும் ஏறத்தாழ ஒன்று. ஆனால் சிலிண்டர் ஹெட் வேறு. எழுதிக் கொடுத்த நாமும் ஆராயவில்லை, எடுத்துக் கொடுத்தவரும் வினவவில்லை. அன்று வீணானது ஒரு பிற்பகலும் சிறிது பணமுமே. ஆயினும் 'எந்தச் சாகா?' என்னும் வினாவை அன்றுதான் கற்றோம்.

ஒரே மாதிரி மகிழுந்து நாட்டுக்கு நாடு வேறுபடுவதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, சட்டமும் வரியும். ஜப்பானில் சிறு மகிழுந்துகளுக்கு வரிச்சலுகை உண்டு. அச்சலுகை பெற எந்திரத்தின் கொள்ளளவு 1990க்கு முன் 550 சி.சி.க்குள்ளும், அதன்பின் 660 சி.சி.க்குள்ளும் அடங்க வேண்டும். பிற நாடுகளுக்கு அவ்வரம்பு இல்லை. எனவே ஜப்பானிய சுசூகி ஆல்ட்டோவின் உறவாகிய மாருதி 800, இந்தியாவில் 1983இல் 796 சி.சி. எந்திரத்துடன் பிறந்தது. டைஹாட்சு மீராவை அடியாகக் கொண்ட நம் பெரோடுவா கஞ்சில் 1994இல் 660 சி.சி. எந்திரத்துடன் வந்து, பின்னர் 850 சி.சி. எந்திரமும் பெற்றது. இரண்டாவது, சாலையின் பக்கம். இடப்பக்கம் செல்லும் நாடுகளில் முன்விளக்கின் தாழ்ஒளி இடப்புற ஓரத்தை நோக்கிச் சற்று உயரும். வலப்பக்கம் செல்லும் நாடுகளில் இதற்கு மறுதலை. விளக்கு மாறினால் எதிரே வருவோர் கண் கூசும். மூன்றாவது, தட்பவெப்பம். நான்காவது, உள்நாட்டிலேயே பொருத்திச் செய்ய வேண்டும் என்னும் அரசின் தொழிற்கொள்கை. ஐந்தாவது, பெயர். ஒரு நாட்டில் நற்பொருள் தரும் சொல் மற்றொரு நாட்டில் தகாத பொருள் தரலாம். மித்சுபிசி பஜேரோ ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளில் மொண்டேரோ எனவும், பிரித்தானியாவில் ஷோகன் எனவும் பெயர் பெற்றது.

இவ்வேறுபாடுகளை வகைப்படுத்த நம் இலக்கணமே கருவி தருகிறது. திரிசொல்லை விளக்கும்போது தொல்காப்பியர் இரு வகை கூறுவார்: ஒரு பொருள் குறித்த பல சொல், பல பொருள் குறித்த ஒரு சொல். வெற்பு, விலங்கல், விண்டு ஆகிய மூன்றும் மலையையே குறிப்பது முதல் வகை. எகினம் என்னும் ஒரு சொல் அன்னத்தையும் கவரிமாவையும் நாயையும் குறிப்பது இரண்டாம் வகை. இவற்றோடு மேலும் இரண்டு வகைகளைச் சேர்த்து நான்காகக் கொள்வோம்.

முதல் வகை: ஓர் உரு, பல பெயர். நம் நாட்டில் 1993இல் வீரா என வந்த மகிழுந்து பிரித்தானியாவில் பெர்சோனா என விற்கப்பட்டது. நம் கஞ்சில் அங்கே நிப்பா. ராவாங்கில் உருவான மைவி இந்தோனேசியாவுக்குச் சென்றபோது டைஹாட்சு சிரியோன். திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் உருவான ஹூண்டாய் சான்ட்ரோ, நம் நாட்டுச் சாலைகளில் இனோகோம் ஆத்தோஸ் என ஓடிய மகிழுந்தின் உடன்பிறப்பு.

இரண்டாம் வகை: ஒரு பெயர், பல உரு. பிரித்தானியர் 1990களில் பெர்சோனா என்றது நம் வீராவை. நாம் 2007 முதல் பெர்சோனா என்பது முற்றிலும் வேறொரு மகிழுந்தை. 1985இன் சாகாவும் 2008இன் சாகாவும் பெயரால் ஒன்று, அமைப்பால் ஒன்றல்ல. பெயரை மட்டும் எழுதி வெளிநாட்டிலிருந்து உறுப்பு தருவிப்போர் பெரிதும் இடறுவது இவ்வகையில்தான்.

மூன்றாம் வகை: பெயரும் உருவும் ஒன்று, உள்ளுறுப்பு வேறு. எம் இல்லத்துச் சாகா இவ்வகை. அண்மைக் கால எடுத்துக்காட்டும் உண்டு. சீனத்து கீலி போயுவேயை அடியாகக் கொண்ட புரோட்டோன் எக்ஸ்70, 2018இல் முழு வண்டியாகச் சீனத்திலிருந்து வந்தபோது 6 வேகத் தானியங்கிப் பல்லிணைப்பெட்டி கொண்டிருந்தது. 2020இல் நம் பேராவிலேயே, தஞ்சோங் மாலிமில், உருவாகத் தொடங்கியபோது 7 வேக இரட்டைக் கிளட்சுப் பெட்டி பெற்றது. தெருவில் நிற்கும்போது இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. பெட்டிக்கு ஊற்றும் எண்ணெயோ வேறு.

நான்காம் வகை: வேர் ஒன்று, வளர்ச்சி வேறு. இங்கிலாந்தில் மோரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசை 1959இல் முடிவுற்றது. அதன் வழிவந்த இந்தியாவின் அம்பாசிடர் 2014 வரை உற்பத்தியில் இருந்தது. மித்சுபிசி லான்சர் பியோரேயின் வழிவந்த சாகாவும், தாய் மகிழுந்து ஜப்பானில் மறைந்த பின்னும் ஈஸ்வரா எனத் திருந்திய உருவங்கொண்டு 2008 வரை இங்கு நீடித்தது. இவற்றைத் தாயின் படி என்றோ திரிபு என்றோ மட்டும் சொல்வது முறையாகாது. நம் மலேசியத் தமிழும் அத்தகையதன்றோ? தோட்டத்தில் பிறந்தோர்க்குப் பால்மரமும் கிராணியும் இயல்பான சொற்கள். தமிழகத்து வழக்கோடு அவை ஒவ்வாமையால் பிழையாகிவிடா. வட்டார வழக்குக்கும் தனி வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தே அதனை வகைப்படுத்தல் வேண்டும்.

இனி, இனங்காணும் முறை. இதற்கு ஓர் அடிப்படை விதி உண்டு: மாற்ற எளிதான அடையாளத்துக்கு மதிப்புக் குறைவு, மாற்ற அரிதான அடையாளத்துக்கு மதிப்பு மிகுதி. பின்புறப் பெயர்ச்சின்னம் மாற்ற மிக எளிது. வீராவின்மேல் மித்சுபிசியின் மூன்று வைரச் சின்னத்தைப் பொருத்தி மகிழ்ந்த இளைஞர்களை நாம் கண்டிருக்கிறோம். விளக்கும் முகப்பும் அடுத்தபடி. எந்திரத்தையும் மாற்றலாம், ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் வண்டிகளின் எந்திரங்கள் நம் பட்டறைகளில் பழகிய சரக்கு. ஆகையால், எந்திரத்தில் பொறித்த குறி எந்திரத்துக்குச் சான்றேயன்றி வண்டி முழுமைக்கும் சான்றாகாது. சாகாவின் எந்திரக்குறி 4ஜி13 என்றால், முதலிலுள்ள 4 சிலிண்டர்களின் எண்ணிக்கை. ஜி என்பது பெட்ரோல். அடுத்த எண்கள் எந்திரக் குடும்பத்தையும் அதன் உறுப்பையும் காட்டும்.

உடலிலேயே பொறித்த அடிச்சட்ட எண்ணே தலையாய சான்று. உலக வழக்கில் அது 17 எழுத்தும் எண்ணும் கொண்டது. ஆங்கில நெடுங்கணக்கின் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று எழுத்துகள் அதில் வாரா. 1, 0 என்னும் எண்களோடு அவை மயங்கும் என்பது கருதி விலக்கினர். எழுத்து மயக்கத்தின் தீமையைப் பொறியியலாரும் உணர்ந்திருந்தனர் என்பதை மொழி கற்போர் மனங்கொள்ளலாம். முதல் மூன்று இடங்கள் செய்தவரைச் சுட்டும். பி.எல்.1 என்றால் புரோட்டோன், பி.எம்.2 என்றால் பெரோடுவா. எம்.ஏ. எனத் தொடங்கினால் இந்தியா. ஜே எனத் தொடங்கினால் ஜப்பான். ஆனால் ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கென உருவாகி, பின்னர் இங்கு இறக்குமதியான வண்டிகளில் 17 இட எண் இராது. மாதிரிக்குறி, சிறு கோடு, வரிசை எண் என்னும் குறுகிய அமைப்பே இருக்கும். அந்த வேறுபாடே வண்டியின் பிறப்பிடத்தை அறிவித்துவிடும்.

ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டு 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரும் இத்தகைய நெறியிலேயே உழைத்தார். ஒரு சுவடியின் முகப்பில் உள்ள பெயரோடு அவர் நின்றுவிடவில்லை. பல படிகளைத் தேடிச் சேர்த்து, பாடத்தோடு பாடத்தை வைத்து நோக்கினார். பட்டறையில் நிற்கும் தொழிலாளியும் பதிப்பாசிரியரும் செய்வது ஒரே வேலை: ஒத்த பொருள்களுக்கிடையே உள்ள ஒவ்வாமையைக் கண்டு, அதற்குக் காரணம் தேடுதல்.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று கேட்போர்க்கு ஒன்று சொல்லி முடிப்போம். டக்காட்டா நிறுவனத்தின் காற்றுப்பைகளுள் சில, வெடித்து விரியும்போது உலோகத் துண்டுகளைப் பயணிகள்மேல் வீசின. உள்ளிருந்த அம்மோனியம் நைட்ரேட் நெடுங்கால வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதைந்ததே காரணம். 2014இல் அமெரிக்காவில் இவற்றைத் திரும்பப் பெறும் பணி முதலில் புளோரிடா, ஹவாய், புவேர்ட்டோ ரிக்கோ போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் தொடங்கிப் பின்னரே விரிந்தது. அவ்வாண்டிலேயே நம் நாட்டிலும் இதனால் ஓர் உயிர் பறிபோயிற்று. பின்னரும் உயிர்கள் போயின. பேராக் ஆற்றங்கரையில் வாழும் நமக்கு வெப்பமும் ஈரமும் ஆண்டு முழுதும் உண்டு. ஒரே பெயர் கொண்ட இரு வண்டிகள் அருகருகே நிற்கலாம். ஒன்றில் தீங்கான பை இருக்கலாம், மற்றொன்றில் இல்லாதிருக்கலாம். பெயர் இதனைச் சொல்லாது. அடிச்சட்ட எண்ணே சொல்லும். நஞ்சுடைய குன்றிமணியும் நஞ்சற்ற மஞ்சாடியும் ஒரே கிண்ணத்தில் கிடப்பது போன்றது இது. பழைய வண்டியை இரண்டாம் கையாக வாங்கும் எளிய குடும்பங்களுக்கே இவ்வறிவு முதலில் சென்றடைய வேண்டும். திரும்பப் பெறும் அறிவிப்பு, பெரும்பாலும் முதலில் வாங்கியவரின் முகவரிக்கே சென்றுவிடுகிறது.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளி வளாகத்தில் நிற்கும் வண்டிகளுள் ஐந்தை, உரியோர் இசைவுடன், மாணவர் ஆராயட்டும். பெயரை மறைத்துவிட்டு, கண்ட அடையாளங்களை மட்டும் தமிழில் எழுதட்டும். ஒவ்வோர் அடையாளமும் மாற்ற எளிதா, அரிதா என்று குறிக்கட்டும். அதன் பின்னரே நான்கு வகைகளுள் எது எனத் துணியட்டும். உற்றுநோக்கல், பெயரிடல், ஒப்பிடல், துணிதல் என்னும் நான்கும் ஒரே பாடத்தில் அமையும். தொழிற்பயிற்சிக்குச் செல்லவிருக்கும் மாணவர்க்குத் தம் தாய்மொழி கைத்தொழிலுக்கும் உதவும் என்னும் உறுதியும் பிறக்கும்.

மாணவச் செல்வங்களே, இன்று வீடு திரும்பியதும் உங்கள் வீட்டு வண்டியின் அடிச்சட்ட எண்ணைத் தந்தையிடமோ தாயிடமோ கேட்டு எழுதுங்கள். வாகனப் பதிவுப் பத்திரத்தில் அது இருக்கும். அவ்வெண் திரும்பப் பெறும் பட்டியலில் உள்ளதா என்று உற்பத்தியாளரின் கிளையில் வினவச் சொல்லுங்கள். இவ்வுரையால் ஒரே ஒரு குடும்பம் அவ்வாறு வினவினும், நாம் இங்குக் கூடியதன் பயன் நிறைவுறும்.