வீட்டுச் சாவியும் ஆறு இலக்க எண்ணும்

 

வெளியூர் செல்லும்போது வீட்டைப் பூட்டி, பூட்டை இருமுறை இழுத்துப் பார்க்கிறோம். முன்பின் அறியாதவர் சாவியைக் கேட்டால் கொடுப்போமா? ஆனால் கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்க ஓடிபி எண்ணை, குரலை மட்டுமே கேட்ட ஒருவரிடம் சொல்லிவிடுகிறோம்.

எமது மஹல்லாவைச் சேர்ந்த முதியவர் ஒருவர் உம்ராவுக்கென்று பல்லாண்டுகளாகச் சேமித்து வந்தார். 'வங்கியிலிருந்து பேசுகிறோம், உடனே விவரங்களைப் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடங்கிவிடும்' என்றது ஒரு குரல். அவருடைய பெயர், பிறந்த தேதி, ஆதார் எண் அனைத்தையும் சரியாகவே சொன்னது. நம்பினார், எண்ணைச் சொன்னார், சேமிப்பு பறிபோயிற்று. பிள்ளைகள் ஏசுவார்களே என்று வெட்கப்பட்டு, நான்கு நாட்கள் எவரிடமும் வாய் திறக்கவில்லை. அதற்குள் பணம் பல கணக்குகளுக்குக் கைமாறிவிட்டது.

சிந்தியுங்கள்! நம் விவரங்களை நாமே எத்தனை இடங்களில் விட்டு வருகிறோம்? ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஆதார் நகல், பிரதி எடுத்த பின்னும் அக்கடைக் கணினியிலேயே தங்கிவிடுகிறது. கண்முன்னே அதை அழிக்கச் சொல்லுங்கள். கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைப் போதுமான இடங்களில் கொடுங்கள். பொதுக் கணினியில் மின்னஞ்சலைத் திறந்தால், வெளியேறிய பின்னரே எழுந்திருங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் தேவையில்லை. அதைக் கேட்பவன் எடுக்க வந்தவனே.

பிறருடைய கடவுச்சொல்லையோ அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் புகார் வந்தால்தானே சட்டம் நகரும்?

ஆகவே ஏமாந்துவிட்டால் அந்த நொடியே வங்கிக்கும், 1930 என்ற உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள். பணம் வேறு கணக்கிலிருந்து வெளியேறும் முன் அதை நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனாலும், அவர் வங்கிக்குத் தெரிவித்த பின் நேரும் இழப்பை வங்கியே ஏற்க வேண்டும் என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை வெளியிட்டது. ஆக, வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு நாம் தரும் அவகாசம்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு சொல்! ஏமாந்து நிற்கும் பெற்றோரை ஏசாதீர்கள். ஏச்சுக்கு அஞ்சியே அவர்கள் மறைக்கிறார்கள். 'எதுவானாலும் முதலில் என்னிடம் சொல்லுங்கள் வாப்பா' என்று இன்றே சொல்லி வையுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்க வேண்டும் என்பது நாம் அறிந்த பாடம். பொருளைப் போலவே நம் பெயரும் அடையாளமும் அமானிதமே. அவற்றைப் பேணிக் காக்கும் விழிப்புணர்வை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.