செம்பரம்பாக்கத்தில் எத்தனை கனஅடி?



பருவநிலை மாற்றத்தால் இளையோர் மனம் படும் பாட்டைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். சென்னையில் வேளச்சேரி, முடிச்சூர்ப் பக்கம் அடைமழை தொடங்கியதும் சில வீடுகளில் பிள்ளைகளே மார்க் ஷீட்டையும் ஆதார் அட்டையையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். செம்பரம்பாக்கம் ஏரியில் எத்தனை கனஅடி தண்ணீர் திறந்திருக்கிறார்கள் என்று செல்போனைப் பார்த்தபடியே இருக்கிறார்கள். மழை லீவு என்றால் துள்ளிக் குதித்தவர்கள் நாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அம்மாவின் இடுப்பில் மொட்டைமாடி ஏறிய குழந்தை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளி மாணவி. “மறுபடியும் அப்படி வருமாம்மா?” என்று அவள் கேட்கிறாள். “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, போய்ப் படி” என்கிறோம்.

இன்றைய என் பேச்சு அந்தப் “போய்ப் படி”யைப் பற்றித்தான்.

2021இல் ‘லான்செட் பிளானட்டரி ஹெல்த்’ இதழ் ஓர் ஆய்வை வெளியிட்டது. இந்தியா உட்பட 10 நாடுகளில், 16 முதல் 25 வயது வரையுள்ள 10,000 பேரிடம் கேட்டிருந்தார்கள். 59 சதவீதம் பேர் பருவநிலை குறித்து மிகுந்த கவலையில் இருந்தார்கள். அந்தக் கவலை தங்கள் அன்றாட வாழ்க்கையையே கெடுப்பதாக 45 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். என்னை உறுத்தியது வேறோர் எண். இதைப் பற்றி மற்றவர்களிடம் வாய்திறந்து பேசியவர்களில் 48 சதவீதம் பேர், தங்கள் பேச்சை யாரும் பொருட்படுத்தவில்லை என்றார்கள். அரசுகள் தங்களைக் கைவிட்டுவிட்டன என்ற எண்ணமும் இந்த வேதனையோடு பின்னிக் கிடந்தது. ஆகவே இது வெறும் பயமில்லை. பெரியவர்கள் மேல் உள்ள கோபமும்தான். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்பதே என் கட்சி.

அதற்காகப் பிள்ளைகளிடம் எதையும் ஊதிப் பெரிதாக்க வேண்டாம். 2015 மழையை ஆராய்ந்த விஞ்ஞானிகளால் அதில் புவி வெப்பமாதலின் பங்கைத் தெளிவாகப் பிரித்துக் காட்ட முடியவில்லை. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும், அதனால் கொட்டும் மழை இனி இன்னும் வலுக்கும் என்பதும் உண்மை. மழைநீரை உள்வாங்கும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் சுருங்கியதற்கோ வானம் காரணமில்லை. குப்பை கொட்டியதும் கட்டடம் எழுப்பியதும் நாம். மிஞ்சியதற்கு 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. எது உலகச் சிக்கல், எது நம் வார்டுச் சிக்கல் என்று பிரித்துச் சொன்னால், பிள்ளை தன் பயத்தில் ஒரு பாதியையாவது கையில் எடுத்துப் பார்க்க முடியும்.

“பிள்ளைகளை மரம் நடச் சொன்னால் சரியாகிவிடுமே?” என்று கேட்பீர்கள். சுவீடனில் ஆய்வாளர் மரியா ஓயாலா 12 வயதுப் பிள்ளைகளிடம் பருவநிலைக் கவலை பற்றி நடத்திய ஆய்வின் முடிவுகள் 2012இல் வந்தன. ‘நான் என்ன செய்யலாம்’ என்று தீர்வுகளிலேயே மூழ்கிய பிள்ளைகளிடம் அன்றாடச் சஞ்சலம் கூடுதலாகத் தெரிந்தது. தங்களைப் போலவே மற்றவர்களும் பாடுபடுகிறார்கள், அவர்களை நம்பலாம் என்று நினைக்க முடிந்தவர்களிடம் மனநலம் மேலாக இருந்தது. உலகத்தையே ஒரு சிறுமியின் தலையில் கட்டிவிட்டு, சுற்றுச்சூழல் மன்றத்துக்கு ஒரு பேட்ஜ் கொடுத்து அனுப்புவது உதவியே ஆகாது. வார்டு கவுன்சிலரிடம் கால்வாயைத் தூர்வாரக் கோரும் மனுவை அவள் கொடுக்கப்போகும் நாளில் அப்பாவும் வகுப்பாசிரியரும் கூடப் போகட்டும்.

தூக்கம் கெட்டு, சோறு இறங்காமல், பள்ளிக்கே போக மறுக்கும் பிள்ளைக்கு இதெல்லாம் போதாது. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு பீரியட் ஒதுக்கி, அவர்கள் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேளுங்கள். நேரமில்லை என்று தலைமையாசிரியர்கள் சொல்வார்கள். கணக்கு ஆசிரியர்கள் இதுவரை கடன் வாங்கிய பி.டி. பீரியடுகளில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் தீர்ந்தது.