சங்கரதாஸ் சுவாமிகளும் நம்மூர் நாடக மேடையும்

அறக்கட்டளைச் சொற்பொழிவு, நரிக்குடி



கவிஞராகவும் நாடகாசிரியராகவும் வாழ்ந்த ஒருவரைப் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளை எடுத்துக்கொண்டேன். கண்மாய் நிறைந்தால்தான் வெள்ளாமை என்றிருக்கும் இந்த வானம் பார்த்த பூமியில், பங்குனி சித்திரைப் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி போட்டு நாடகம் வைக்கிறோம். சுவாமிகளின் பெயரை அறியாதவர்கள்கூட இங்கே அவருடைய பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான்.

வாழ்க்கை

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867 செப்டம்பர் 7 அன்று சுவாமிகள் பிறந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்து, வெண்பாவும் சந்தமும் இளமையிலேயே கைவரப் பெற்றார். சில காலம் உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்தார். 24 வயதை ஒட்டி அந்த வேலையை உதறிவிட்டு நாடகக் குழுவில் சேர்ந்தார்.

இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் ஆகிய வேடங்களில் அவர் புகழ்பெற்றார். ஒரு விடியற்காலையில் சனீஸ்வரன் வேடத்தைக் கலைக்க நீர்நிலைக்குப் போனபோது, எதிரே வந்த கர்ப்பிணிப் பெண் ஒருத்தி அவரைக் கண்டு அஞ்சி உயிர்விட்டாள் என்றும், அன்றோடு அவர் வேடம் கட்டுவதை விட்டார் என்றும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்கிறார்கள். அதன்பின் ஆசிரியராக இருந்து எழுதுவதும் பயிற்றுவிப்பதுமே அவர் தொழிலாயிற்று. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் பிள்ளைபோல் வைத்து ஆதரித்தார். சுவாமிகளின் பாட்டில் தாளம் அத்தனை கச்சிதமாக நிற்பதற்கு அந்த லய மேதையின் அணுக்கமும் ஒரு காரணம்.

1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும் அவர் நிறுவினார். இரண்டாவதில் ஆறு வயதுச் சிறுவனாகச் சேர்ந்த தி.க. சண்முகம், பின்னாளில் 'எனது நாடக வாழ்க்கை' என்ற நூலில் தம் ஆசிரியரை நமக்குக் காட்டினார். பிள்ளைகளுக்காக அபிமன்யு நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக ஒரே இரவில் எழுதி முடித்தவர் சுவாமிகள். 1921இல் பக்கவாதம் அவரை வீழ்த்தியது. 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது.

ஒத்திகை இல்லாத நாடகம்

வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அல்லி அர்ஜுனா ஆகியவற்றை நூறு ஆண்டுக்குப் பிறகும் ஆடுகிறார்கள். எப்படி? நாடகக் குழுக்கள் கலைந்து, நடிகர்களைத் தனித்தனியே பேசிக் கூட்டும் ஸ்பெஷல் நாடகம் வந்தது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், பபூன் இன்னோர் ஊர். பல நேரம் அன்றிரவு மேடையில்தான் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். ஒத்திகை கிடையாது. ஆர்மோனியக்காரர் சுருதி கொடுத்ததும், விடியும் வரைக்கும் கதை பிசகாமல் நடக்கிறது. எல்லோர் மனத்திலும் சுவாமிகளின் பாட்டும் காட்சி வரிசையும் பொதுச் சொத்தாக இருப்பதால்தான் இது முடிகிறது.

அந்தப் பொதுச் சொத்துக்குள் காலம் தன் கருத்தையும் சேர்த்துக்கொண்டது. நமக்கு அண்டை ஊரான நாகலாபுரத்தில் பிறந்த மதுரகவி பாஸ்கரதாஸ் தேசியப் பாட்டுகளை எழுதிக் கொடுத்தார். சிவகாசியில் பிறந்த விஸ்வநாததாஸ், முருகன் வேடத்தில் நின்றபடியே விடுதலைப் பாட்டைப் பாடிச் சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் வள்ளி திருமணம் நடந்துகொண்டிருந்தபோது, முருகன் கோலத்தில் மயில்மீதே அவர் உயிர் பிரிந்தது.

அச்சுப் புத்தகத்தில் இருப்பது சுவாமிகள் எழுதியது. நாரதரும் வள்ளியும் செய்யும் தர்க்கம், பபூனின் பேச்சு, அந்த ஊர்ச் சேதியை எடுத்துச் சொல்லும் நயம், கூட்டத்திலிருந்து வரும் பதில் ஆகியவை நடிகர்களின் நாவில் மட்டுமே இருக்கின்றன.

நைஜர் கழிமுகத்திலிருந்து ஒரு பாடம்

நாவில் மட்டும் இருப்பதை எழுத்தில் காப்பது எப்படி என்று அறிய, இந்த இடத்தில் ஆப்பிரிக்காவின் ஜே.பி. கிளார்க்கை நினைக்க வேண்டும். நைஜீரியாவில் நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் இஜா மக்களிடையே 1935இல் பிறந்த கவிஞர், நாடகாசிரியர். இபாடன் பல்கலைக்கழகத்தில் படித்தவர், லாகோஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், 2020இல் மறைந்தார். தந்தை கொல்லப்பட்ட பின் பிறந்த மகன், மந்திரம் தெரிந்த பாட்டியின் துணையோடு பழிதீர்க்கும் ஒசிடியின் கதையை இஜா மக்கள் ஆட்டமும் பாட்டுமாக ஏழு நாள் நடத்துவார்கள். கிளார்க் அதை வைத்து 1966இல் சொந்தமாக ஒரு நாடகம் வெளியிட்டார். அத்தோடு நிற்கவில்லை. 1963இல் ஒகாபு ஒஜொபொலோ என்ற கதைசொல்லி ஏழு இரவு சொன்னதை ஒலிநாடாவில் பதித்து, இஜா மொழியில் எழுத்தாக்கி, ஆங்கிலத்தில் பெயர்த்து, 1977இல் நூலாகக் கொண்டுவந்தார். கதை கேட்டவர்கள் இடையிடையே சொன்ன வார்த்தைகளையும் விடாமல் சேர்த்தார். பேர்பெற்ற எழுத்தாளர் ஒருவர் தம் மக்களின் கலைஞருக்கு எழுத்தராக உட்கார்ந்த அந்தப் பணிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

நம் கடமை

நமக்கு ஏழு இரவு வேண்டாம், ஓர் இரவு போதும். பழைய வாத்தியார்களிடம் பாடம் கேட்ட நடிகர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் போனால் தர்க்கமும் போய்விடும். மாணவர்களே, உங்கள் ஊரில் அடுத்த நாடகம் நடக்கும்போது, கலைஞர்களிடம் முன்கூட்டியே சம்மதம் கேளுங்கள். அதற்குரிய பணத்தை ஊர்ப் பொதுவிலிருந்து கொடுங்கள். திரை தூக்குவது முதல் மங்களம் வரை முழுதாகப் பதிவு செய்யுங்கள். ஊர், தேதி, நடிகர், பக்கவாத்தியம் எல்லாவற்றையும் குறித்து, பேச்சை அப்படியே எழுத்தாக்குங்கள். சுவரில் ஒட்டும் நாடக நோட்டீஸையும் ஒரு படி எடுத்து வையுங்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் ஒரு பிரதி சேரட்டும், இன்னொன்று நம்மூர் நூலகத்தில் இருக்கட்டும்.

சுவாமிகளுக்குச் சிலை வைத்திருக்கிறோம், விழா எடுக்கிறோம். அவர் பாட்டைத் தூக்கிச் சுமந்த நடிகர்களின் பேச்சையும் காப்பாற்றினால்தான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை முழுமையாகும். வரும் பங்குனியில் இந்த வேலையை நரிக்குடியிலிருந்து தொடங்குங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.