ஏழு வானமும் கடைமடையும்

மிஃராஜ் இரவு நெருங்கினாலே வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்டு சுத்தும்: குர்ஆன் சொல்ற ஏழு வானம்னா வளிமண்டலத்தோட ஏழு அடுக்குதான், விஞ்ஞானம் இப்பத்தான் அதைக் கண்டுபிடிச்சதுன்னு. அதைப் படிச்சுட்டு எங்க பாபநாசம் பக்கத்துத் தம்பி ஒருத்தன் கேட்டான்: "ஸ்கூல் புக்ல அஞ்சு அடுக்குதானே அண்ணே இருக்கு? அப்ப மத்ததும் தப்பா?"

நியாயமான கேள்வி. நம்பிக்கையைத் தப்பான கணக்குல கட்டிவெச்சா, கணக்கு அறுந்த அன்னிக்கு நம்பிக்கையும் ஆடும்.

குர்ஆனையே பார்ப்போம். 67ஆவது அத்தியாயம், ஏழு வானங்கள் அடுக்கடுக்காகப் படைக்கப்பட்டதைச் சொல்லுது. ரெண்டு வசனம் தள்ளி, நமக்கு நெருக்கமான வானம் விளக்குகளால அலங்கரிக்கப்பட்டிருக்குன்னு சொல்லுது. அந்த விளக்குகள் நட்சத்திரங்கள்னுதான் விரிவுரையாளர்கள் விளக்கினாங்க. நட்சத்திரமே முதல் வானத்துல இருக்குன்னா, வளிமண்டலத்தை ஏழா வெட்டி என்ன பண்றது?

இந்த ஆசை புதுசு இல்லை. பழைய கிரேக்க வானியல்ல சந்திரன்ல இருந்து சனி வரைக்கும் ஏழு கோள். ஏழு வானமும் அதுதான்னு சொன்ன அறிஞர்கள் இருந்தாங்க. அந்த வானியலே பிறகு போயிடுச்சு. ஆனா 11ஆம் நூற்றாண்டிலேயே இமாம் கஸ்ஸாலி தெளிவா எழுதிட்டார்: வானம் உருண்டையா, எண்கோணமா, எத்தனை அடுக்குன்னு மார்க்கம் சண்டை போட வேண்டியதில்லை, அது படைக்கப்பட்டதா என்பதுதான் கேள்வி.

அப்ப ஏழு வானத்துக்கு என்ன அர்த்தம்? மிஃராஜ் பயணத்தைப் பாருங்க. ஒவ்வொரு வானத்துக்கும் ஒரு வாசல். ஜிப்ரீல் தட்டுறார்; யாரு, கூட யாருன்னு விசாரிச்ச பிறகுதான் திறக்குது. முதல் வானத்துல ஆதம் நபி. ரெண்டாவதுல ஈஸா, யஹ்யா. பிறகு யூசுஃப், இத்ரீஸ், ஹாரூன், ஆறாவதுல மூஸா, ஏழாவதுல இப்ராஹீம். அடுக்கு ஒவ்வொண்ணும் ஒரு சந்திப்பு. நபிகள் நாயகத்துக்கு அங்கங்கே முன்னோர் 'நல்வரவு' சொல்றாங்க.

அதுக்கும் மேல 'சித்ரத்துல் முன்தஹா', அதாவது எல்லையில் நிற்கிற மரம். 'சித்ர்'னா நம்ம இலந்தை இனம்! அதோட இலை யானைக் காது அளவுன்னு ஹதீஸ் சொல்லுது. அதன் அடியில இருந்து நாலு ஆறு. ரெண்டு மறைவானது, ரெண்டு வெளியே ஓடுற நைலும் யூப்ரடீஸும். ஆத்துத் தண்ணியை நம்பி நடவு போடுற ஊர்ல இதைக் கேட்டு வளர்ந்தவங்களுக்கு, ஏன் ஆறுன்னு விளக்கவே வேண்டாம்.

இது நம்ம மொழிக்கும் பழைய கதைதான். ஆலிப் புலவர் 1590லயே இந்தப் பயணத்தைத் தமிழ்ல பாடிட்டார். நூலோட பேரு 'மிகுராசு மாலை'. மிஃராஜ் எப்படி மிகுராசு ஆச்சு பாருங்க.

கதையோட முக்கியமான இடம், அவர் இறங்கி வர்றது. ஐம்பது வேளைத் தொழுகை கடமையாகுது. மூஸா நபி தடுத்து, "உங்க மக்கள் தாங்க மாட்டாங்க, திரும்பிப் போய்க் கேளுங்க"ன்னு அனுப்புறார். மறுபடி மறுபடி போய்க் கேட்டு, அஞ்சாகுது. கூலி மட்டும் ஐம்பதுக்கு உள்ளது.

டெல்டாக்காரங்க மேட்டூர் திறந்ததை வெச்சுத் திருப்திப்பட மாட்டாங்க. "கடைமடைக்கு வந்துச்சா?"ன்னுதான் கேட்பாங்க. ஏழு வானத்தையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். மேல எத்தனை அடுக்குன்னு யாரும் அளந்து சொல்ல முடியாது. அங்கிருந்து கடைமடைக்கு வந்து சேர்ந்தது அந்த அஞ்சு வேளை. 2025லயும் 2026லயும் மிஃராஜ் இரவு தை மாசத்துல, சம்பா அறுப்பு நேரத்துல வந்துச்சு. களத்து மேட்டுல துண்டை விரிச்சு அஸர் தொழுறவருக்கு வளிமண்டலக் கணக்கு தேவைப்படல.

உங்க வீட்டுல மிஃராஜ் கதையை யார் சொன்னாங்க, எப்படிச் சொன்னாங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.